சாஸ்கட்டூன் பிளேன் வந்துருச்சா?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதில் எனக்கு வெட்கமே கிடையாது. நேரம் பார்க்கத் தெரியும் என்று ஐம்பது வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேனே, அதற்குத்தான் வெட்கப்படுகிறேன். (நான் சொல்லச் சொல்ல, மகள் வயிற்றுப் பேத்தி திவ்யா எழுதுகிறாள். இதற்கே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். இன்னும் ஏர்போர்ட்டே வரலைடி, பொறு.)

எங்கள் ஊர் பேரையூருக்குப் பக்கம். எங்கள் ஊரில் பஸ் நேரம் தெரிய வேண்டும் என்றால் யாரும் போர்டைப் பார்க்க மாட்டார்கள். என்னிடம் வருவார்கள். எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வரும், மதுரைக்கு எம்புட்டு நேரம் பிடிக்கும், டி.கல்லுப்பட்டியில் டிரைவர் டீ குடிக்க எம்புட்டு நேரம், திருமங்கலத்தில் கூட்டம் இறங்க எம்புட்டு நேரம், எல்லாம் எனக்கு மனப்பாடம். ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த டிரைவர் என்று சொல்வேன். ஒரு தடவை பஸ் வராமல் போனபோது, நான் சொன்னது தப்பு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பஸ்மேல்தான் தப்பு என்றார்கள். இம்புட்டு மரியாதை ஒரு மனுஷிக்கு ஆகாது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

இது நடந்து ஐந்து வருஷம் இருக்கும்.

எங்கள் ஊர் அம்மனுக்குத் திருவிழா என்றால் முதல் வேலை காப்புக் கட்டுவது. மஞ்சள் துணியில் வேப்பிலையை முடிந்து கையில் கட்டுவார்கள். கட்டியதிலிருந்து எட்டு நாள் ஊருக்குள் கறி, மீன் கிடையாது. யாரும் எல்லை தாண்டி வெளியூரில் ராத் தங்கக் கூடாது. இதில் முதல் காப்பு எங்கள் வீட்டுக்கு. என் மாமனார் கட்டினார், அப்புறம் என் வீட்டுக்காரர் கட்டினார். முதல் காப்பு ஏறாமல் ஊரில் வேறு ஒருத்தர் கையிலும் காப்பு ஏறாது. அந்த ஒரு நாள் என் வீட்டுக்காரர் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டுமே! மற்ற நாளெல்லாம் ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிற மனுஷன்தான்.

அவர் தவறிப்போன வருஷம் தீட்டு. அதற்கடுத்த வருஷம் மகன் முருகேசனால் வர முடியவில்லை. அவனுக்கு வேலை கனடாவில், சாஸ்கட்டூன் என்கிற ஊரில், ஒரு உரக் கம்பெனியில் எலக்ட்ரீசியன். (அந்தப் பேரைச் சொல்ல நான் ஒரு மாதம் பழகினேன். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்கவும் செய்கிறார்கள், அது வேறு கதை.) அந்த இரண்டு வருஷமும் எங்கள் வீட்டு முதல் காப்பைக் கோயில் தூணுக்குக் கட்டினார்கள். மூன்றாம் வருஷம் பூசாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இந்தா பாரு தாயி, இந்த வருசமும் தூணுக்குக் கட்டுனா அது ஒங்க வீட்டுக் காப்பு இல்ல, தூணு வீட்டுக் காப்பு. ஒம் மகன் வரணும். வரலைன்னா ஒன் கொழுந்தன் வீட்டுக்குப் போயிரும். போனா போனதுதான், திரும்பி வராது."

என் கொழுந்தன் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடுதான். அங்கே கொழுந்தனாரின் மகன் பாண்டி இருக்கிறான். தங்கமான பிள்ளை. வாடகைக்கு வேன் ஓட்டுகிறான். என்னைப் பெரியம்மா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அவன் அம்மா மூக்காயி என் ஓரகத்தி. அவளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. (எழுதாதே திவ்யா. சரி, இதை மட்டும் எழுது: முப்பது வருஷத்துக்கு முன்னால் இரவல் வாங்கிய என் அரிவாள்மனையை அவள் இன்னும் திருப்பித் தரவில்லை.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முருகேசன் போன் செய்தான்.

"அம்மா, லீவு கெடச்சிருச்சும்மா! திங்கக்கெழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு பிளேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தான்.

"அம்மா, நான் அங்க வந்து சேர்றது..."

"ஏய், நேரம் எனக்குச் சொல்றியா? ஊருக்கே நான்தாண்டா சொல்றேன். கெளம்புற நேரத்தச் சொல்லிட்டேல்ல, மிச்சத்த நான் பாத்துக்கிறேன். நீ சூதானமா வா." போனை வைத்துவிட்டேன்.

இப்போது நினைத்தால் அந்த வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது. பிள்ளை தானாகச் சொல்ல வந்ததைக் கேட்காமல், நான் போய் யாரிடம் கேட்டேன் தெரியுமா? போனிடம்.

அந்தப் போனை முருகேசன்தான் வாங்கி அனுப்பியிருந்தான். அதில் மைக் படத்தை அமுக்கிப் பேசினால் பதில் பேசும். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு அது தெய்வம் மாதிரி. மழை வருமா என்று கேட்பேன், சொல்லும். தக்காளி என்ன விலை என்று கேட்பேன், சொல்லும், ஆனால் எங்கள் ஊர் விலையாக இருக்காது. அன்றைக்குக் கேட்டேன்: "சாஸ்கட்டூன் ஏர்போர்ட்டுலேர்ந்து மதுரை ஏர்போர்ட்டுக்கு எம்புட்டுத் தூரம், எம்புட்டு நேரம்?"

அது கொஞ்சமும் யோசிக்கவில்லை. நேர்கோட்டில் பதிமூன்றாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஏறக்குறைய பதினாறு மணி நேரம் என்றது.

நான் விரலை மடக்கினேன். திங்கள் சாயங்காலம் ஐந்து. அதோடு பதினாறு. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. மதுரையிலிருந்து ஊருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். பதினோரு மணிக்கெல்லாம் பிள்ளை வீட்டில் இருப்பான். குளிக்க வைத்து, வேட்டி கட்ட வைத்து, கூட ஒரு தூக்கமும் போட வைக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

அன்று சாயங்காலமே கோயிலில் ஊர்க் கூட்டம். பூசாரி கேட்டார்.

"காப்ப இந்தச் செவ்வாய் கட்டுவமா, அடுத்த செவ்வாய் கட்டுவமா? பேச்சியம்மா மகனுக்காகத்தான் கேக்குறேன். தூரத்துலேர்ந்து வர்ற புள்ள. அடுத்த செவ்வான்னாலும் ஊருக்குச் சம்மதம்தான்."

ஊரே எனக்காக ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. நான் எழுந்து நின்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"எதுக்கு அடுத்த செவ்வாய்? இந்தச் செவ்வாயே கட்டுங்க. பதினாறு மணி நேரம். காலையில ஒம்பது மணிக்கு எம் மகன் மதுரையில எறங்குறான்."

மூக்காயி சும்மா இருப்பாளா? "ஏக்கா, கனடான்னா ரொம்பத் தூரமுன்னு சொல்றாங்களே. பதினாறு மணி நேரத்துல வந்துருமா?"

"பிளேனு என்ன, ஒன்னய மாதிரி நின்னு நின்னு பேசிக்கிட்டா வரும்?"

கூட்டம் சிரித்தது. மூக்காயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு எம்புட்டு இனித்தது என்றால், அன்று ராத்திரிச் சாப்பாடே தேவைப்படவில்லை. பூசாரி செவ்வாய்க்கிழமை என்று முடிவு சொன்னார். பொழுது சாய்வதற்குள் முதல் காப்பு.

திங்கட்கிழமை ஊர் எல்லையில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்கள். என் மகன் கறுப்புக் கண்ணாடி போட்ட படம். கூலிங் கிளாசோடு காப்புக் கட்ட வருகிறான் என்று எவனும் கேலி பேசக் கூடாதே என்று எனக்குக் கவலை. என்ன எழுதியிருக்கிறது என்று பாண்டியிடம் கேட்டேன். "கனடாவிலிருந்து இன்று வருகை தரும் முதல் காப்பு நாயகன்" என்று வாசித்துக் காட்டினான்.

"இன்னிக்குத் திங்கக்கெழமதானப்பா?"

"நாளைக்கு அது 'இன்று' ஆயிரும் பெரியம்மா," என்றான்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பாண்டியின் வேனிலேயே கிளம்பினேன். தன் கைக்கு வர இருந்த காப்பைத் தட்டிக்கொண்டு போகிறவனை அழைத்துவர அவனே வேன் ஓட்டுகிறான். மல்லிகையும் ரோஜாவும் கலந்து கட்டிய மாலை, ஒரு தேங்காய், சூடம், தீப்பெட்டி எல்லாம் மடியில் வைத்திருந்தேன். கப்பலூர் தாண்டி ரிங் ரோட்டில் திரும்பும்போது வானத்தில் ஒரு பிளேன் தெரிந்தது. "பாண்டி, வெரசாப் போப்பா, நமக்கு முந்தி எறங்கிருவான்" என்று அவன் தோளைத் தட்டினேன்.

எட்டரைக்கெல்லாம் ஏர்போர்ட் வாசலில் நின்றுவிட்டேன். பாண்டி வேனை நிறுத்தப் போனான். நான் ஆட்கள் வெளியே வருகிற கதவுக்கு எதிரே இடம் பிடித்துத் தேங்காயில் சூடத்தை வைத்தேன். துப்பாக்கி வைத்திருந்த காவலாளி ஓடி வந்தார். வடநாட்டுக்காரர். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவருக்குப் புரியவில்லை, ஆனால் இங்கே சூடம் கொளுத்தக் கூடாது என்பது இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. தீப்பெட்டி அவர் கைக்குப் போய்விட்டது. பிள்ளைக்குக் கண்ணேறு கழிக்காமல் எப்படி வீட்டுக்குக் கூட்டிப் போவது என்று நான் வாதாடிக்கொண்டிருந்தபோது மணி ஒன்பது ஆனது.

கதவு திறந்தது. ஆட்கள் வந்தார்கள். முருகேசன் இல்லை. ஒன்பதரைக்கு மறுபடியும் ஒரு கூட்டம் வந்தது. அதிலும் இல்லை. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்த ஒருத்தரைக் கூப்பிட்டேன். நம் ஊர் முகம்.

"அண்ணே, சாஸ்கட்டூன் பிளேன் லேட்டாண்ணே?"

"எந்த ஊரு?"

"சாஸ்கட்டூன். கனடா."

அவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "யக்கா, இங்க மெட்ராஸ் பிளேன் வரும், பெங்களூரு வரும், கொழும்பு வரும். கனடாவுலேர்ந்து இங்க எந்த பிளேனும் வராதுக்கா."

"வரும்ணே. போன் சொல்லிருச்சு. பதினாறு மணி நேரம்."

அவர் என்னோடு வாதாடவில்லை. நல்ல மனுஷன். தன் போனை எடுத்து அதில் படம் போட்டுக் காட்டினார். இந்தப் பக்கம் மதுரை, அந்தப் பக்கம் சாஸ்கட்டூன். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு நெட்டுக்குத்தாக மேலே ஏறி, உலகத்தின் உச்சந்தலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. உச்சந்தலை முழுக்க வெள்ளையாக இருந்தது.

"இது என்னண்ணே வெள்ளையா இருக்கு?"

"ஐசுக்கா. வட துருவம். அங்க ஊரும் இல்ல, ஆளும் இல்ல."

முருகேசனுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப் என்றது. மறுபடி போட்டேன். அதே குரல், அதே பதில். பத்து, பத்தரை, பதினொன்று. திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து பதினாறு மணி நேரம் முடிந்து மேலே இரண்டு மணி நேரமும் ஓடிவிட்டது. பஸ் இரண்டு மணி நேரம் பிந்தினால் என்ன அர்த்தம்? டயர் வெடித்திருக்கும், இல்லை என்றால் பள்ளத்தில் கவிழ்ந்திருக்கும். பிளேனுக்கு ஏது பள்ளம்? எனக்கு அந்த வெள்ளைதான் கண்ணில் நின்றது. மதுரை வெயிலில் வளர்ந்த பிள்ளை. பனியில் விழுந்து கிடக்கிறான், நான் இங்கே மாலையோடு நிற்கிறேன் என்று நினைத்தேன். அவ்வளவுதான், அந்த வழவழப்பான தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எப்படி அழுதேன் என்று சொல்லவா? எங்கள் பக்கம் ஒப்பாரி என்றால் சும்மா அழுவது கிடையாது, ராகத்தோடு, பேர் சொல்லி, கதை சொல்லி அழுவது. நான் ஊரில் அதற்கும் பேர் போனவள். "ஐசுக்குள்ள போனியே என் ராசா" என்று ஆரம்பித்ததும் பெட்டி தள்ளிக்கொண்டு வந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. வெளியே காத்திருந்த ஒரு அம்மா பாட்டிலில் தண்ணீர் கொடுத்தாள். இன்னொருத்தி, யாருக்காக அழுகிறோம் என்று தெரியாமலேயே கூட அழுதாள். சூடத்தைத் தடுத்த அந்த வடநாட்டுக் காவலாளி தீப்பெட்டியைக் கொண்டுவந்து மெதுவாக என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

சத்தம் கேட்டுப் பாண்டி ஓடி வந்தான். நான் சொன்னதைக் கேட்டு அவனும் வெளிறிப் போனான். ஆனால் உடனே மதுரையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்த திவ்யாவுக்குப் போன் செய்தான். (இனி இவள் பங்கு. எப்படி எழுதுகிறாள் பாருங்கள், கையெழுத்தே துள்ளுகிறது.) ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு, "ஒங்க மாமா போயிட்டாண்டி" என்றேன்.

அவள் போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மாச்சி, மாமா காலையில ஒம்பது மணிக்கே குடும்ப குரூப்புல மெசேஜ் போட்டிருக்காரு. 'டொராண்டோ வந்துட்டேன், அடுத்த பிளேன் ஏறப் போறேன்'னு."

"உசுரோட இருக்கானா?"

"நல்லா இருக்காரு. படம்கூடப் போட்டிருக்காரு, பர்கர் திங்கிறாரு."

அழுகை பட்டென்று நின்றது. அடுத்த கேள்வி கேட்டேன். "டொராண்டோன்னா மெட்ராசுக்குப் பக்கமாடி?"

"அது கனடா அம்மாச்சி."

"இன்னும் கனடாவ விட்டே கெளம்பலையா?"

"கெளம்பிட்டாரு. ஒரு பிளேன் முழுசாப் பறந்து டொராண்டோ வந்திருக்காரு. கனடா அம்புட்டுப் பெருசு. இப்பத்தான் ரெண்டாவது பிளேன்ல இருக்காரு, அதான் போன் ஆஃப். அடுத்து ஜெர்மனி, அப்பறம் மெட்ராஸ், அப்பறம் மதுரை. மொத்தம் நாலு பிளேன். நாளைக்கு மத்தியானம்தான் ஊருக்கு வருவாரு."

"அவன் நேத்துச் சாயங்காலமே கெளம்பிட்டானேடி!"

"அங்க சாயங்காலம் அஞ்சுன்னா இங்க விடிகாலை நாலரை. நீ பஸ் ஏறுறதுக்குக் கொஞ்சம் முந்திதான் அவரே பிளேன் ஏறியிருக்காரு."

"பஸ் இல்லடி, வேன்," என்றேன். அந்த நேரத்திலும் அதைத் திருத்தத் தோன்றியது எனக்கு.

"அப்ப அந்தப் போனு பதினாறு மணி நேரமுன்னு எதுக்குப் பொய் சொன்னுச்சு?"

"பொய் சொல்லல அம்மாச்சி. நீ தூரம் கேட்ட, அது ரெண்டு ஊருக்கும் நடுவுல கோடு போட்டு அளந்து சொன்னுச்சு. அந்தக் கோட்டுல பிளேன் ஓடுதான்னு நீ கேக்கல."

"பிளேனே ஓடாத வழிக்கு எதுக்குடி நேரம் வச்சிருக்கான்?"

பாண்டிதான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்.

"பெரியம்மா, அண்ணன் ஞாயித்துக்கெழமையே டிக்கெட்ட ஊர் குரூப்புல போட்டுச்சு. புதன்கெழமைன்னுதான் இருந்துச்சு. நானும் பாத்தேன்."

"பாத்துட்டா என்னைய இங்க கூட்டிட்டு வந்த?"

"நீங்க செவ்வான்னு சொன்னீங்க. நீங்க சொன்னா பஸ்ஸே நேரத்த மாத்திக்கும். டிக்கெட்டுலதான் தப்பாப் போட்டுட்டாய்ங்க போலன்னு நெனச்சேன். ஊருல எல்லாரும் அப்படித்தான் பெரியம்மா நெனச்சாய்ங்க."

இதைவிடப் பெரிய அடி எனக்கு எப்போதும் விழுந்ததில்லை. எழுத்துத் தெரிந்த ஒரு ஊரே கண்ணால் பார்த்த டிக்கெட்டை நம்பாமல், எழுத்துத் தெரியாத என்னை நம்பியிருக்கிறது. பஸ்ஸுக்கு டிரைவர் டீ குடிக்கிற நேரத்தைக்கூடக் கணக்கில் சேர்க்கிறவள் நான். பிளேன் வழியில் எங்கேயாவது நிற்குமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூக்காயியை மட்டம் தட்ட எதைச் சொன்னேனோ அதுவே நடந்துவிட்டது. பிளேன் நின்று நின்றுதான் வருகிறது, ஊர் ஊராக நின்று, பர்கர் தின்றுவிட்டு வருகிறது.

பிள்ளை பிழைத்தான் என்கிற சந்தோஷம் ஏர்போர்ட் வாசல் வரைதான். வேனில் ஏறி உட்கார்ந்ததும் மற்றது நினைவுக்கு வந்தது. காப்பு. பொழுது சாய்வதற்குள். நானே பிடிவாதமாக வைத்த நாள்.

திருமங்கலம் தாண்டியதும் சொன்னேன். "பாண்டி, கொஞ்சம் மெதுவாப் போப்பா."

"நாப்பதுலதான் போறேன் பெரியம்மா."

"இருபதுல போ."

அவன் இருபதில்தான் போனான். டிராக்டர் எங்களைத் தாண்டிப் போனது. வழியில் இரண்டு தடவை டீ குடிக்க நிறுத்தச் சொன்னேன், குடிக்கவில்லை. ஆனாலும் ரோடு தீர்ந்துபோகத்தான் செய்தது. ஊர் எல்லைக்கு வெளியிலேயே மைக் சத்தம் கேட்டது. "கனடா நாட்டிலிருந்து ஆகாய மார்க்கமாக வந்துகொண்டிருக்கும் நமது முதல் காப்பு நாயகன், இன்னும் சற்று நேரத்தில்..." ஃபிளெக்ஸில் என் மகன் கறுப்புக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். நான் மாலையைச் சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

வேனைக் கண்டதும் கொட்டு முழங்கியது. பிள்ளைகள் வேனைச் சுற்றிக்கொண்டார்கள். கதவைத் திறந்து நான் இறங்கினேன். அடுத்து யார் இறங்குவார்கள் என்று எல்லோரும் பார்த்தார்கள். திவ்யா இறங்கினாள். அதற்கு மேல் இறங்க ஆள் இல்லை. கொட்டு ஒவ்வொன்றாக நின்றது. கடைசியாக ஒரு உறுமி மட்டும் விஷயம் தெரியாமல் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தது.

மூக்காயிதான் முதலில் வாயைத் திறந்தாள். "எங்கக்கா புள்ள?"

"கனடாவுல இருக்கான்."

"கனடாவுலதான அக்கா மொதல்லயும் இருந்தான்?"

சிரிப்பை அடக்க எத்தனை பேர் துண்டை வாயில் வைத்தார்கள் என்று எண்ண முடியவில்லை. பூசாரி மஞ்சள் துணியோடு வந்தார். சூரியன் பனைமர உயரத்துக்கு இறங்கியிருந்தது. அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"தாயி, பொழுது போகுது. காப்பு ஏறலைன்னா திருவிழாவே இல்ல. பாண்டிக்குக் கட்டிரவா?"

பாண்டி பின்னால் நகர்ந்தான். "வேணாம் சாமி. தூணுக்கே கட்டுங்க. பெரியம்மா மனசு நொந்து கட்டுனா எனக்கு ஆகாது."

"தூணுக்கு ஆகாதுன்னு சொல்லியாச்சுல்ல. ஆனா ஒண்ணு. அந்த வீட்டு ஆளு வாயத் தொறந்து கட்டுங்கன்னு சொல்லாம அடுத்த வீட்டுக் கையில நான் கட்ட மாட்டேன்."

மைக்கை என் முன்னால் நீட்டினார்கள். அந்தக் காப்பு என் மாமனார் கையில் இருந்தது, என் வீட்டுக்காரர் கையில் இருந்தது. அவர் சாகிறதுக்கு இரண்டு நாள் முன்னால்கூட, முருகேசனுக்கு வேட்டியை மடிச்சுக் கட்டத் தெரியாது, சொல்லிக்கொடு என்றுதான் சொன்னார். அதை என் வாயாலேயே எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் திரும்பி ரோட்டைப் பார்த்தேன். பாண்டி என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு, மைக் இருப்பதை மறந்து மெதுவாகக் கேட்டான்.

"பெரியம்மா, கடைசியா ஒரு தடவ போனப் பாக்கவா? பிளேன் வந்துருச்சான்னு?"

ஊர் முழுக்கக் கேட்டது. நான் மைக்கில் சொன்னேன்.

"பிளேன் வரலப்பா. கட்டுங்க."

கூட்டத்தில் யாரோ ஒருத்தர் பொறுக்க முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு ஊரே சிரித்தது. பூசாரியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டுதான் பாண்டி கையில் முடிச்சுப் போட்டார். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் அழுதேன். இந்தத் தடவை ராகமில்லாமல்.

மறுநாள் மத்தியானம் முருகேசன் வந்து இறங்கினான். "இன்று வருகை தரும்" என்ற ஃபிளெக்ஸுக்குக் கீழேயே, கண்ணெல்லாம் சிவந்து, நாலு பிளேன் ஏறி இறங்கிய களைப்போடு. நடந்ததைச் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் பாண்டி கையைப் பிடித்துக் காப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஒனக்குத்தாண்டா நல்லாருக்கு தம்பி" என்றான்.

என்னிடம் வந்து உட்கார்ந்தான். "எனக்கும் ஆசைதாம்மா. ஆனா மொதக் காப்புக்காரன் எட்டு நாளும் கோயில்லயே படுக்கணும், யாருகூடயும் உக்காந்து பேசக் கூடாதுல்ல? எனக்கு லீவே பத்து நாளுதான்."

ஊரில் இருந்த நாளெல்லாம் அவன் என்கூடவே இருந்தான். அவன் ஆசைப்பட்டு வந்த கோழிக் குழம்பைத்தான் என்னால் வைத்துக் கொடுக்க முடியவில்லை, ஊரே காப்பில் இருந்ததே. கத்தரிக்காயும் கருவாடும், சீச்சீ, கருவாடும் கிடையாது, கத்தரிக்காய் மட்டும் தின்றுகொண்டு அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அது அதோடு போயிருக்கலாம். போகவில்லை. அடுத்த வருஷம் காப்பு அன்றைக்குப் பூசாரி மஞ்சள் துணியை எடுத்ததும் பாண்டி கையை நீட்டவில்லை. மைக்கை வாங்கி, "பெரியம்மா, சாஸ்கட்டூன் பிளேன் வந்துருச்சா?" என்று கேட்டான். கேலிதான். நானும் விடுவேனா, எழுந்து நின்று, "பிளேன் வரலப்பா, கட்டுங்க!" என்றேன். ஊர் சிரித்து முடித்த பிறகுதான் கொட்டு முழங்கியது. அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். மூன்றாம் வருஷம் எனக்குக் காய்ச்சல். நான் படுத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் பூசாரி துணியைக் கீழே வைத்துவிட்டார். "அந்த வார்த்த வராம எப்படிக் கட்டுறது?" என்று வேனை அனுப்பி என்னைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மூக்காயிதான் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சொல்லுக்கா, சொல்லிட்டுப் போயிப் படு," என்றாள்.

இந்த வருஷம் ஊருக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண், உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, பயபக்தியோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். காப்புக் கட்டி முடிந்ததும் என்னிடம் வந்து, விபூதி வாங்குகிற மாதிரி கையை ஏந்திக்கொண்டு கேட்டாள்.

"அப்பத்தா, அந்தச் சாஸ்கட்டூன்ங்கறது எந்தச் சாமி?"

"ரொம்பத் தூரத்துச் சாமித்தா," என்றேன். "கூப்புட்ட நாளுக்கு வராது. மறுநாள் வரும்."